சில்லுக்குள் மின்னழுத்தச் சீராக்கம்: 'பயனுறுதிறன்' என்ற ஒற்றை எண் – ஒரு திறனாய்வு

ஒருங்கிணைந்த சுற்றுகளுக்குத் தேவையான மின்னழுத்தத்தை, உள்ளீடு மாறினாலும் பளு மாறினாலும் குறித்த அளவிலேயே நிறுத்தி வைக்கும் சுற்று மின்னழுத்தச் சீராக்கி எனப்படும். கைப்பேசி, கணினி, உணரி என எந்தக் கருவியின் சில்லை எடுத்தாலும் அதற்குள்ளோ அதன் அருகிலோ ஒன்று முதல் பல பத்துச் சீராக்கிகள் வரை இருக்கும். இச்சுற்றுகளின் தரத்தைச் சொல்ல விவரத்தாள்களும் ஆய்வுக் கட்டுரைகளும் மாணவர் திட்ட அறிக்கைகளும் பெரும்பாலும் ஒரே எண்ணை முன்வைக்கின்றன. அது 'பயனுறுதிறன்', அதிலும் உச்சப் பயனுறுதிறன். அந்த எண் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதை இத்துறையின் அறியப்பட்ட சில ஆக்கங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

கடைமடைச் சிக்கல்

காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களால் சூழப்பட்டுக் காவிரிப் படுகையின் கடலோரத்தில் அமைந்தது. அரசலாறு, நூலாறு, வாஞ்சியாறு, திருமலைராயனாறு ஆகியவை இங்கே கடலை நெருங்குகின்றன. காவிரி நடுவர் மன்றம் 2007இல் அளித்த இறுதித் தீர்ப்பு புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. நீரை ஒதுக்கியது. ஒதுக்கீடு ஓர் எண். வயலுக்கு வந்து சேரும் நீர் வேறோர் எண். மேட்டூரில் எவ்வளவு திறந்தார்கள் என்பது செய்தியாகலாம். கடைமடை உழவருக்குத் தேவையான செய்தி, தம் மதகில் எவ்வளவு நீர் ஏறியது, எப்போது ஏறியது என்பதே.

சில்லுக்குள் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். மின்சாரம் சில்லின் விளிம்பில் நுழைந்து, மெல்லிய உலோகப் பாதைகளின் வலைப்பின்னல் வழியாகக் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களுக்குப் போகிறது. பாதைகளுக்கு மின்தடை உண்டு. பாயும் மின்னோட்டத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் குறைகிறது. நுழைவாயிலில் 0.9 வோல்ட் இருந்தாலும் வலையின் கடைக்கோடியில் அதற்குக் குறைவாகவே கிடைக்கும். பளு திடீரென ஏறும்போது, வாய்க்காலில் தலைப்பு விவசாயிகள் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தது போல, கடைக்கோடி மேலும் வற்றும். அதைத் தாங்குவதற்காகச் சில்லுக்குள் ஆங்காங்கே மின்தேக்கிகள் வைக்கப்படுகின்றன. ஊர்க் குளங்களைப் போல அவை கொஞ்ச நேரத்துக்கு மட்டும் ஈடுகொடுக்கும். அதற்குள் சீராக்கி விழித்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஒப்புமையை ஓர் எல்லைக்கு மேல் இழுக்க முடியாது. நீர் நாள்கணக்கில் வருகிறது; சில்லில் நடப்பவை நானோநொடிகளில் முடிந்துவிடும். ஆயினும், தரத்தைத் தலைப்பில் அளப்பதா கடைமடையில் அளப்பதா என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

மின்னழுத்தம் ஏன் இவ்வளவு முக்கியம்?

எண்முறைச் சுற்று இயங்கும்போது செலவாகும் திறன், அதன் மின்தேக்குத்திறனுக்கும் இயங்கு அதிர்வெண்ணுக்கும் நேர்விகிதத்தில் இருக்கிறது. மின்னழுத்தத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் இருக்கிறது. 1.0 வோல்ட்டில் இயங்கும் சுற்றை 0.8 வோல்ட்டுக்கு இறக்கினால், அதே அதிர்வெண்ணில் செலவு 36 விழுக்காடு குறையும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மின்னழுத்தம் சரிந்துவிடுமோ என்று அஞ்சி 5 விழுக்காடு கூடுதலாக வைத்தால், எப்போதாவது வரும் அந்தச் சரிவுக்காக எல்லா நேரத்திலும் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுதல் திறன் செலவாகும்.

எனவே சீராக்கி இரு வழிகளில் ஆற்றலை வீணாக்க முடியும். ஒன்று, அது தானே விழுங்குவது. மற்றொன்று, அது சரியாகச் சீராக்காததால் சில்லை விழுங்க வைப்பது. பயனுறுதிறன் என்ற எண் முதலாவதை மட்டுமே அளக்கிறது. இக்கட்டுரையின் முதன்மையான குறை இதுவே.

ஓர் எளிய கணக்கு: ஒரு சில்லுக்குக் குறைந்தது 0.8 வோல்ட் தேவை. முதல் சீராக்கியின் பயனுறுதிறன் 90 விழுக்காடு. ஆனால் சரிவுக்காக 10 விழுக்காடு கூடுதல் மின்னழுத்தம் வைக்க வேண்டும். இரண்டாவதன் பயனுறுதிறன் 85 விழுக்காடுதான். கூடுதலாக 3 விழுக்காடு வைத்தால் போதும். முதலாவதில் செலவு 1.21ஐ 0.90ஆல் வகுக்க 1.34 மடங்கு. இரண்டாவதில் 1.06ஐ 0.85ஆல் வகுக்க 1.25 மடங்கு. 'குறைந்த பயனுறுதிறன்' கொண்டதே மின்கலத்திலிருந்து 7 விழுக்காடு குறைவாக எடுக்கிறது. விவரத்தாளின் முதல் பக்கத்தை மட்டும் படிப்பவர் தவறானதைத் தேர்ந்தெடுப்பார்.

நேரியல் சீராக்கி: முதல் பாடம்

தமிழ்நாட்டிலும் காரைக்காலிலும் மின்னணுவியல் படித்த எவரும் கையில் எடுத்த முதல் சீராக்கி பெரும்பாலும் 7805ஆக இருக்கும். மூன்று கால்கள், 5 வோல்ட் வெளியீடு. இவ்வகைச் சில்லுகளுக்கு வழி வகுத்தது 1960களின் இறுதியில் நேஷனல் செமிகண்டக்டரில் பாப் விட்லர் வடிவமைத்த எல்எம்109. வெப்பநிலை மாறினாலும் மாறாத மேற்கோள் மின்னழுத்தத்தைச் சில்லுக்குள்ளேயே உருவாக்கியது அதன் சிறப்பு.

நேரியல் சீராக்கி, மிகுதி மின்னழுத்தத்தை வெப்பமாக மாற்றித் தள்ளுகிறது. ஆகவே அதன் பயனுறுதிறன், வெளியீட்டு மின்னழுத்தத்தை உள்ளீட்டு மின்னழுத்தத்தால் வகுத்த மதிப்பைத் தாண்டவே முடியாது. 9 வோல்ட் மின்கலத்திலிருந்து 5 வோல்ட் எடுத்தால் உச்ச வரம்பு 55.6 விழுக்காடு. பாடநூல்கள் வழக்கமாக இத்தோடு நிறுத்திக்கொள்கின்றன.

ஆனால் 7805 தன் இயக்கத்துக்காகச் சுமார் 5 மில்லிஆம்பியரை எப்போதும் எடுத்துக்கொள்கிறது. இதனை அமைதி மின்னோட்டம் என்பர். பளு 100 மில்லிஆம்பியர் என்றால் பயனுறுதிறன் 53 விழுக்காடு. பெரிய வேறுபாடு இல்லை. பளு 1 மில்லிஆம்பியராக இறங்கினால் உள்ளீடு 54 மில்லிவாட், வெளியீடு 5 மில்லிவாட். பயனுறுதிறன் 9 விழுக்காடு. அதே சில்லு, அதே மின்னழுத்தங்கள். ஆகவே பயனுறுதிறன் சில்லின் நிலையான பண்பு அல்ல. சில்லும் பளுவும் சேர்ந்த நிலைமையின் பண்பு. அதை ஒரே எண்ணாக எழுதுவது, எந்தப் பளுவில் என்ற கேள்வியை அழித்துவிடுகிறது.

இரு ஆய்வுக் கட்டுரைகள்

இத்துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் இரு கட்டுரைகளை இவ்விடத்தில் எடுத்துக்கொள்ளலாம். இரண்டுமே நேர்மையாக எழுதப்பட்டவை. சிக்கல், அவற்றைப் பிறர் படித்த விதத்தில் இருக்கிறது.

முதலாவது, இன்டெல் நிறுவனத்தின் பீட்டர் ஹசுக்கா குழுவினர் 2005இல் வெளியிட்டது. 90 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் 1.2 வோல்ட்டிலிருந்து 0.9 வோல்ட் தரும் நேரியல் சீராக்கி. 100 மில்லிஆம்பியர் பளு, 6 மில்லிஆம்பியர் அமைதி மின்னோட்டம், 0.54 நானோநொடி மறுமொழி நேரம். இதன் 'மின்னோட்டப் பயனுறுதிறன்' 94.3 விழுக்காடு. அதாவது உள்ளே வரும் 106 மில்லிஆம்பியரில் 100 பளுவுக்குப் போகிறது. ஆனால் திறன் கணக்கில் 0.75ஐ 0.943ஆல் பெருக்க வேண்டும். விடை 71 விழுக்காடு.

இக்கட்டுரை பயன்படுத்திய தர எண், மறுமொழி நேரத்தை அமைதி மின்னோட்டத்தால் பெருக்கிப் பளு மின்னோட்டத்தால் வகுப்பது. இங்கே அது 32 பிகோநொடி. எண் சிறியதாக இருந்தால் சீராக்கி நல்லது. வேகத்துக்குத் தரும் விலையைக் கணக்கில் கொள்வதால் இது பயனுறுதிறனை விடச் செறிவான அளவுகோல். இதற்கும் வரம்பு உண்டு. மறுமொழி வேகம் டிரான்சிஸ்டரின் வேகத்தையும் பொறுத்தது. 180 நானோமீட்டரில் செய்த சுற்றையும் 28 நானோமீட்டரில் செய்த சுற்றையும் ஒரே அட்டவணையில் வைத்து இந்த எண்ணால் ஒப்பிட்டால், வடிவமைப்பாளரின் அறிவுக்குப் பதில் தொழிற்சாலையின் வயதை அளந்ததாகவே முடியும். கல்லூரிகளிலிருந்து வரும் பல கட்டுரைகளின் ஒப்பீட்டு அட்டவணைகளில் இக்குறை உள்ளது.

இரண்டாவது, யசுயுகி ஒகுமா குழுவினர் 2010இல் வெளியிட்ட எண்முறை நேரியல் சீராக்கி. தொடர்முறைப் பெருக்கியை நீக்கிவிட்டு, சிறு டிரான்சிஸ்டர் சுவிட்சுகளின் வரிசையை ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஒன்றாகத் திறந்து மூடுவது இதன் உத்தி. 0.5 வோல்ட் போன்ற மிகக் குறைந்த உள்ளீட்டில் வழக்கமான பெருக்கிகள் தடுமாறும் இடத்தில் இது இயங்கியது. 65 நானோமீட்டர், 2.7 மைக்ரோஆம்பியர் அமைதி மின்னோட்டம், 200 மைக்ரோஆம்பியர் பளு; மின்னோட்டப் பயனுறுதிறன் 98.7 விழுக்காடு. வெளியீடு 0.45 வோல்ட். ஆகவே திறன் கணக்கில் 89 விழுக்காட்டுக்கு மேல் போகாது. கட்டுரையின் தலைப்பிலேயே 'மின்னோட்ட' என்ற அடைமொழி தெளிவாக இருக்கிறது. பின்னால் வந்த மேற்கோள்களில் அந்த அடைமொழியை உதிர்த்துவிட்டு வெறும் 98.7ஐ மட்டும் எடுத்துச்செல்வது எளிது. மாணவர் கருத்தரங்குகளில் இது நிகழ்வதைக் காணலாம். அடைமொழி ஒன்று உதிர்ந்தால் பத்து விழுக்காடு ஆற்றல் காணாமல் போகிறது.

நிலைமாற்றுச் சீராக்கிகளும் பெருக்கல் கணக்கும்

மின்தூண்டியைக் கொண்டு இயங்கும் பக் மாற்றி மிகுதி மின்னழுத்தத்தை எரிப்பதில்லை. சுவிட்சை விட்டுவிட்டுத் திறந்து ஆற்றலைத் தூண்டியில் சேமித்துப் பின் தருகிறது. கொள்கையளவில் இழப்பே இல்லை. நடைமுறையில் சுவிட்சின் மின்தடை, சுவிட்சைத் திறந்து மூடும் செலவு, தூண்டியின் கம்பி இழப்பு ஆகியவை உண்டு. சில்லுக்குள் நல்ல தூண்டியைச் செய்வது கடினம். தூண்டி சிறியதாக இருந்தால் சுவிட்சு வேகமாக இயங்க வேண்டும். வேகம் கூடினால் இழப்பும் கூடும்.

மின்தேக்கிகளை மட்டும் கொண்ட மாற்றிகள் சில்லுக்கு உகந்தவை. ஆனால் அவை ஒரு விகிதத்துக்குக் கட்டுப்பட்டவை. இரண்டுக்கு ஒன்று என்ற மாற்றி 1.8 வோல்ட்டிலிருந்து 0.9 வோல்ட்டை நன்றாகத் தரும். 0.7 வோல்ட் வேண்டுமென்றால் உச்ச வரம்பே 78 விழுக்காடாக இறங்கிவிடும். இவ்வகைக் கட்டுரைகளில் 'உச்சப் பயனுறுதிறன்' என்பது பெரும்பாலும் விகிதம் சரியாகப் பொருந்திய ஒரே புள்ளியின் மதிப்பு.

இன்டெல் 2013இல் வெளியிட்ட ஹாஸ்வெல் செயலிகள், சீராக்கியைத் தாய்ப்பலகையிலிருந்து செயலிக்குள் கொண்டுவந்த பெரிய முயற்சி. சுமார் 1.8 வோல்ட் உள்ளே வர, சில்லிலேயே அமைந்த சுவிட்சுகளும் சில்லின் பொதியில் அமைந்த தூண்டிகளும் அதைப் பல மின்னழுத்தங்களாகப் பிரித்தன. 140 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் சுவிட்சுகள் இயங்கின. உச்சப் பயனுறுதிறன் 90 விழுக்காடு என எட்வர்ட் பர்ட்டன் குழுவினர் 2014இல் அறிவித்தனர்.

இதன் தருக்கம் வலுவானது. மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கி அனுப்பினால் மின்னோட்டம் பாதியாகும், பாதையில் இழப்பு கால்பங்காகும். ஊருக்குள் மின்மாற்றி வரை உயர் அழுத்தத்தில் மின்சாரம் கொண்டுவருவதும் இதே காரணத்தால்தான். கடைமடைக்கு அருகில் மதகு இருந்தால் மறுமொழியும் விரைவாகும். எதிர்ப்பக்கத்தில் இரு கணக்குகள் உள்ளன. ஒன்று, தாய்ப்பலகையில் இருக்கும் முதல் கட்டச் சீராக்கியும் தொடர்கிறது. அதுவும் 90 விழுக்காடு என்றால், இரண்டும் சேர்ந்து 81 விழுக்காடே. மற்றொன்று, சீராக்கியின் இழப்பு இப்போது செயலியின் வெப்பமாகவே வெளிப்படுகிறது. 2015இல் வந்த ஸ்கைலேக் இந்த அமைப்பைக் கைவிட்டது. 2019இல் ஐஸ் லேக் அதை மீண்டும் ஏற்றது. ஐபிஎம் நிறுவனமோ 2014இன் பவர்8 செயலியில் வேறு வழியைத் தேர்ந்தது: ஒவ்வொரு உள்ளகத்திலும் பல சிறு நேரியல் சீராக்கிகளைப் பரப்பி வைத்தது. கல்லணை ஒன்றே போதும் என்று எண்ணாமல் வாய்க்கால்தோறும் மதகு வைப்பது போன்றது இது.

'90 விழுக்காடு' என்ற எண் இந்த முடிவுகளில் எதையும் தனியாக விளக்காது. ஒரே நிறுவனம் ஒரே உத்தியை ஏற்று, விட்டு, மீண்டும் ஏற்றது என்றால், தீர்ப்பைச் சொல்வது முழு அமைப்பின் கணக்கு என்றுதான் பொருள்.

உறங்கும் கருவியின் கணக்கு

காரைக்கால் வாய்க்கால் ஒன்றின் மதகில் நீர்மட்டம் அளக்கும் உணரி ஒன்றைக் கற்பனை செய்வோம். 3.6 வோல்ட் மின்கலம், சில்லுக்கு 1.8 வோல்ட். 1000 நொடிக்கு ஒருமுறை 1 நொடி விழித்து 10 மில்லிஆம்பியர் எடுக்கிறது; மற்ற நேரத்தில் 2 மைக்ரோஆம்பியரோடு உறங்குகிறது. மதிப்புகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை.

* முதல் தெரிவு: 92 விழுக்காடு பயனுறுதிறனும் 30 மைக்ரோஆம்பியர் அமைதி மின்னோட்டமும் கொண்ட பக் மாற்றி. மின்கலத்திலிருந்து சராசரியாக எடுப்பது சுமார் 36.5 மைக்ரோஆம்பியர்.
* இரண்டாம் தெரிவு: 50 விழுக்காட்டைத் தாண்ட முடியாத, ஆனால் 0.5 மைக்ரோஆம்பியர் மட்டுமே அமைதி மின்னோட்டம் கொண்ட நேரியல் சீராக்கி. சராசரி 12.5 மைக்ரோஆம்பியர்.

'50 விழுக்காடு' சீராக்கியில் மின்கலம் ஏறத்தாழ மூன்று மடங்கு காலம் நீடிக்கிறது. முதல் தெரிவின் உண்மையான, நாள் முழுவதற்குமான பயனுறுதிறன் 16 விழுக்காடு மட்டுமே. இதிலிருந்து நேரியல் சீராக்கியே சிறந்தது என்ற முடிவுக்கும் வரக்கூடாது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிபிஎஸ்62740 போன்ற பக் மாற்றிகளின் அமைதி மின்னோட்டம் 360 நானோஆம்பியர் அளவே. அத்தகையதை வைத்தால் தீர்ப்பு மீண்டும் மாறும். முடிவைத் தீர்மானித்தது சீராக்கியின் வகையும் அல்ல, உச்ச எண்ணும் அல்ல. கருவி எவ்வளவு நேரம் உறங்குகிறது என்பதே.

எதிர்வாதம்

ஒற்றை எண்ணுக்கு ஆதரவாகவும் நியாயம் உண்டு. நூறு சில்லுகளிலிருந்து பத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு சல்லடை வேண்டும். எண்ணே இல்லாவிட்டால் விளம்பரச் சொற்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலும், கைப்பேசியின் திரை ஒளி போல ஏறத்தாழ மாறாத பளுவுக்கு உச்சப் பயனுறுதிறன் நல்ல வழிகாட்டியே. நல்ல நிறுவனங்களின் விவரத்தாள்களில் பளுவுக்கு எதிரான பயனுறுதிறன் வரைபடம் முழுமையாகவே இருக்கிறது. எனவே குற்றம் எண்ணின் மீது அல்ல, வரைபடத்தைப் புரட்டாமல் எண்ணோடு நின்றுவிடும் வாசிப்பின் மீது.

கற்பித்தலும் சொற்களும்

காரைக்காலின் திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் (புதுச்சேரி) 2010 முதல் இயங்கும் நிறுவனம். சென்னை ஐஐடியின் சக்தி செயலித் திட்டத்தில் 2018இல் சில்லுகள் உருவாகின. இந்திய அரசு 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய் மதிப்பிலான குறைக்கடத்தித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆகவே இப்பாடம் இனித் தேர்வுக்காக மட்டும் படிப்பது அல்ல. படித்தவர் வடிவமைக்கப்போகும் சில்லில் அது வெளிப்படும்.

தமிழில் படிப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தடை. பள்ளிப் பாடநூல்கள் ஒரு நொடிக்கான ஆற்றலைத் 'திறன்' என்கின்றன; வெளியீட்டுக்கும் உள்ளீட்டுக்குமான விகிதத்தைப் 'பயனுறுதிறன்' என்கின்றன. செய்தித்தாள்களும் இணையக் கட்டுரைகளும் அதே விகிதத்தைச் 'செயல்திறன்' என்று எழுதுகின்றன. கணினியின் வேகத்தையும் 'செயல்திறன்' என்றே எழுதுகின்றன. 'அதிகச் செயல்திறன் கொண்ட சீராக்கி' என்றால் குறைவாக வீணாக்குவதா, விரைவாக மறுமொழி தருவதா? மேலே பார்த்தபடி இவ்விரண்டும் ஒன்றையொன்று இழுப்பவை. ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடைத்தால், வடிவமைப்பின் நடுக்கேள்வியே மொழியில் மறைந்துவிடுகிறது. பயனுறுதிறன், மறுமொழி வேகம், அமைதி மின்னோட்டம் என மூன்று தனிச்சொற்களைக் கைக்கொள்வது நல்லது.

படிப்போர் கேட்க வேண்டியவை

சீராக்கி பற்றிய எந்தக் கட்டுரையையும் விவரத்தாளையும் மதிப்பிட இக்கேள்விகள் உதவும்:

1. கூறப்பட்டது திறன் பயனுறுதிறனா, மின்னோட்டப் பயனுறுதிறனா?
2. எந்த உள்ளீட்டு, வெளியீட்டு மின்னழுத்தத்தில், எந்தப் பளுவில் அளந்தது?
3. பளு திடீரென மாறும்போது மின்னழுத்தம் எவ்வளவு சரிகிறது? அதற்காக எவ்வளவு கூடுதலாக வைக்க வேண்டும்?
4. பளு ஏறத்தாழச் சுழியாக இருக்கும்போது சீராக்கி எவ்வளவு எடுக்கிறது?
5. இதற்கு முன்னால் வேறு சீராக்கி உண்டா? இரண்டின் பெருக்குத்தொகை என்ன?
6. முடிவுகள் உண்மைச் சில்லில் அளந்தவையா, கணினிப் பாவனையில் கிடைத்தவையா?

முடிவுரை

காரைக்காலின் திருமலைராயன்பட்டினத்தில் உள்ள எரிவாயு மின்நிலையத்தின் நிறுவுதிறன் 32.5 மெகாவாட். இந்த அளவோடு ஒப்பிட்டால் ஒரு சில்லு சீராக்கியில் வீணாகும் மில்லிவாட்டுகள் கண்ணுக்கே தெரியாதவை. ஆனால் அவை ஒவ்வொரு சட்டைப்பையிலும், ஒவ்வொரு மேசையிலும், ஒவ்வொரு உணரியிலும் இரவு பகலாக வீணாகின்றன. உச்சப் பயனுறுதிறன் பொய்யான எண் அல்ல. மேட்டூரில் திறந்த நீரின் அளவைப் போல, அது உண்மையான, ஆனால் தலைப்பில் அளந்த எண். சீராக்கியின் தரத்தைச் சொல்ல வேண்டுமானால் கடைமடையில், பளு மாறும் நொடியிலும் பளு உறங்கும் நேரத்திலும் அளக்க வேண்டும்.